ஸரூக் மறைத்த கால்கள்

ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்த ஸரூக்கின் ஒரு காலில் மட்டும்தான் செருப்பு இருந்தது.

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி ஜெனீராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மத்தது எங்கெ? பள்ளியில வச்சிட்டு வந்தீங்களா?"

ஸரூக் குனிந்து பார்த்தான். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால், பாதம் முழுக்கச் சேறு. பள்ளிவாசல் படியில் இரண்டையும் மாட்டிக்கொண்டு இறங்கியது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. வழியில் எங்கோ ஒன்று கழன்றிருக்கிறது. அதன் பிறகு சல்லிக்கல் கொட்டியிருந்த அந்த ஒழுங்கை நெடுக வெறுங்காலோடு நடந்து வந்திருக்கிறான். ஒரு கல்கூட உறுத்தவில்லை.

"வார் அறுந்து போச்சு. வழியில வீசிட்டு வந்துட்டன்" என்றான்.

ஜெனீரா மறுபடி சுளகைத் தட்டத் தொடங்கினாள். ஸரூக் கிணற்றடிக்குப் போய்க் காலைக் கழுவினான். யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, பெருவிரலை நகம் பதியக் கிள்ளினான். வேறு யாருடைய விரலையோ கிள்ளியதுபோல் இருந்தது.

நாற்பதைத் தாண்டியவன் ஸரூக். பதுளை பஸ் நிலையத்தடியில் நிற்கும் வாடகைக் கார்களில் ஒரு பழைய ஒஸ்டின் அவனுடையது. லுணுகலை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என்று ஊவாவின் மலைப்பாதைகளில் அவன் கார் போகாத வளைவு கிடையாது. தோட்டத்துக் கல்யாணங்களுக்கும், கடைக்காரர்களின் அவசரப் பயணங்களுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்களுக்கும் முதலில் நினைவுக்கு வருகிற ஆள் அவன்தான். போகிற இடமெல்லாம் நிறுத்தி, கரண்டி நிற்கிற அளவுக்குச் சீனி போட்ட தேத்தண்ணி குடிப்பது அவன் வழக்கம். அப்படியும் தாகம் அடங்குவதில்லை. இரவில் பல தடவை எழுந்து வெளியே போய்வர வேண்டியிருந்தது. பதுளைக் குளிருக்கு எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று அதை அவன் பெரிதாக எண்ணவில்லை.

காலில் தொடங்கியது இரண்டு வருடத்துக்கு முன்னால். நெடுநேரம் சம்மணம் போட்டிருந்து எழுந்ததுபோல விரல் நுனிகளில் ஒரு விறுவிறுப்பு. பிறகு படுக்கையில் எரிச்சல். உள்ளங்காலில் கொச்சிக்காயை அரைத்துப் பூசியதுபோல எரியும். போர்வை பட்டாலே தாங்க முடியாது. ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு விடியும்வரை புரண்ட நாட்கள் உண்டு. பிறகு எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினான். கால் சுகமாகிவிட்டது என்று ஜெனீராவிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

அது சுகமல்ல, எரிவதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்று விளங்கியபோது மரப்பு விரல்களைத் தாண்டிவிட்டிருந்தது. கார்ச் சாவியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக மேலே குத்திக்கொண்டு வந்து, எந்த இடத்தில் வலிக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பான். முதலில் விரல்களோடு நின்றது. அடுத்த பெருநாளுக்குப் புறங்கால் போனது. இப்போது கணுக்காலையும் கடந்து, கெண்டைக்காலின் பாதிவரை ஏறியிருந்தது. இரண்டு காலிலும் ஒரே உயரம். தண்ணீர் மட்டம் ஏறுவதுபோல ஏறியது.

இது என்ன நோய் என்பதில் ஸரூக்குக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அவன் பையனாக இருந்தபோது அவர்கள் தெருவில் முஹம்மது மாமா என்று ஒருவர் இருந்தார். தொப்பி தைத்து விற்பவர். ஒருநாள் விருந்தொன்றில், அடுப்பிலிருந்து இறக்கிய கேத்தலைத் துணியில்லாமல் தூக்கிக்கொண்டு வந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினார். விரல் தோல் வழன்று தொங்கியது. அவர் சிரித்துப் பேசிக்கொண்டே ஊற்றினார். பார்த்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு வேன் வந்தது. குஷ்டம் என்றார்கள். மட்டக்களப்புப் பக்கம் தண்ணீருக்கு நடுவே ஒரு தீவில் அந்த நோயாளிகளுக்கென்று ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கே கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள். அவர் படுத்த பாயை முற்றத்தில் போட்டுக் கொளுத்தியதை ஸரூக் கண்ணால் பார்த்தான். அவர் வீட்டுக் கிணற்றில் பிறகு யாரும் தண்ணீர் அள்ளவில்லை. அவருடைய இரண்டு பெண்களையும் கேட்டு எவரும் வரவில்லை.

வலி தெரியாத கை அவருக்கு. வலி தெரியாத கால் இவனுக்கு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்தச் செருப்பு நாளிலிருந்து ஸரூக் முன்னறையில் தனியாகப் படுத்தான். நேரம் கெட்ட நேரத்தில் ஹயருக்குக் கார் கேட்டு ஆள் வருகிறது, உன் தூக்கம் கெடுகிறது என்று ஜெனீராவுக்குக் காரணம் சொன்னான். தனக்கென்று ஒரு கோப்பையும் தட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, தானே கழுவினான். ஐந்து வயது மகள் முஹ்ஸினா மடியில் ஏற ஓடிவந்தால், "வாப்பாட உடுப்பெல்லாம் எண்ணெய், போ மகள்" என்று விலக்குவான். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். அவன் வெளியே போய்க் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொள்வான்.

ஜெனீரா எத்தனை நாள்தான் பொறுப்பாள்? ஒருநாள் சோற்றை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கிட்ட உண்மையெச் செல்லுங்க. வேற எங்கயாச்சும் குடும்பம் வச்சிரிக்கீங்களா?"

"பைத்தியமா உனக்கு?"

"அப்ப நான் என்ன குத்தம் செஞ்சன்? புள்ள என்ன குத்தம் செஞ்சிச்சி? ஒரே ஊட்டுக்குள்ள அந்நிய ஆள் மாதிரி ஈக்கீங்க. என்ட கையால குடுக்கிற தண்ணியக்கூட வாங்கிறல்ல."

ஸரூக் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சொல்லிவிட வாய் திறந்தது. முற்றத்தில் பாய் எரிவது கண்ணில் தெரிந்தது. "வேலை அலுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான். ஜெனீரா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த வாரம் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் வுழூச் செய்யும்போது இன்னொன்று நடந்தது. காலைக் கழுவிய தண்ணீர் சிவப்பாக ஓடியது. பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்தவர் தன் காலைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, "தம்பி, எங்கயோ வெட்டியிருக்கு, பாருங்க" என்றார். ஸரூக் தொழாமலே காருக்கு ஓடினான். வலது உள்ளங்காலில், சுண்டுவிரலுக்குக் கீழே, ஒரு ஆணி தலைவரை இறங்கியிருந்தது. வெறுங்காலால் எங்கோ மிதித்திருக்கிறான். எப்போது ஏறியது, எத்தனை நாள் அதன் மேல் நடந்தான் என்று அவனுக்குத் தெரியாது. குறட்டால் பிடுங்கினான். அப்போதும் வலிக்கவில்லை. வலிக்கவில்லையே என்று அழுதான். துணியைச் சுற்றி, அதன் மேல் ஒரு கன்வஸ் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, அன்றிலிருந்து யார் முன்னாலும் அதைக் கழற்றவில்லை. பள்ளிக்குப் போவதும் நின்றது.

காரை மட்டும் விடவில்லை. விட்டால் ஏன் என்று ஊர் கேட்கும். கால் எங்கே இருக்கிறது என்று காலே சொல்லாததால், அவன் கண்ணால் பார்த்து ஓட்டப் பழகியிருந்தான். வளைவு வருமுன் ஒரு நொடி குனிந்து, சப்பாத்தின் வெள்ளை நுனி பிரேக்குக்கு வந்துவிட்டதா என்று பார்ப்பான். பிறகு மிதிப்பான். இஞ்சின் சத்தத்தை வைத்து எவ்வளவு அழுத்துகிறோம் என்று கணிப்பான். பகலில் அப்படி ஓட்ட முடிந்தது. பொழுது சாயுமுன் வீடு திரும்பிவிடுவான்.

அந்த ஐப்பசி மாதத்தில் ஒரு வியாபாரியை லுணுகலையில் இறக்கிவிட்டு, மழை வலுக்குமுன் திரும்பிவிட வேண்டும் என்று ஸரூக் காரைத் திருப்பிக்கொண்டிருந்தான். ஒருவன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தேயிலைச் சரிவிலிருந்து குறுக்கே ஓடிவந்து காரின் முன்னால் நின்றான். பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், மத்தேயு. முன்பு ஒரு கல்யாண ஹயருக்கு வந்த பழக்கம் உண்டு.

"நானா, போயிராதீங்க! சம்சாரத்துக்கு நோவு கண்டு ரொம்ப நேரமாச்சு. புள்ள குறுக்க கெடக்குதுன்னு மருத்துவச்சியம்மா சொல்றாங்க. ஒடனே பதுளைக்குக் கொண்டுபோகணுமாம். தோட்டத்து லொறி பண்டாரவளைக்குப் போயிருக்கு. வேற ஒண்ணுமே இல்ல நானா."

ஸரூக் வானத்தைப் பார்த்தான். மலை உச்சியிலிருந்து மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் காருக்குள் ஒன்றும் தெரியாது.

"வேற கார் ஏதாச்சும்..." என்று இழுத்தான்.

மத்தேயு கை கூப்பினான். மழைத்தண்ணீர் முழங்கை வழியாக வழிந்தது. "உங்க காலெப் புடிக்கிறேன் நானா."

"காலெத் தொடாதெ!" என்று ஸரூக் கத்தியே விட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏறு, போவம்" என்றான்.

தோட்டத்து லயத்தடியில் நாலு பேர் மத்தேயுவின் மனைவி செசிலியைக் கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து பின்சீற்றில் கிடத்தினார்கள். மருத்துவச்சி பாக்கியலெட்சுமி அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டாள். மத்தேயு முன்னால் ஸரூக்கின் பக்கத்தில் ஏறினான். செசிலி கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று முனகினாள். அந்த முனகல் கத்தலைவிட ஸரூக்கைக் கலக்கியது.

பசறைவரை சமாளித்துவிட்டான். அதற்கப்புறம் மலையேறி, பதுளைப் பக்கம் இறங்கத் தொடங்கும் இடத்தில் மூட்டம் றோட்டை மூடியது. லைட் வெளிச்சம் முன்னால் ஒரு வெள்ளைச் சுவரில் மோதித் திரும்பியது. ஸரூக் குனிந்து பார்த்தான். காலடியில் கறுப்பு மட்டுமே தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தனக்கு ஒன்றுமே இல்லை என்றுதான் அப்போது தோன்றியது.

ஒரு வளைவுக்குள் திரும்பியபோது எதிரே பஸ்ஸின் இரண்டு விளக்குகள். ஸரூக் பிரேக்கை மிதித்தான். மிதித்ததாக நினைத்தான். இஞ்சின் உறுமியது. கார் பாய்ந்தது.

"நானா!" என்று மத்தேயு அலறினான்.

ஸரூக் காலை இன்னும் அழுத்தினான். கார் இன்னும் பாய்ந்தது. வலது பக்கம் பள்ளத்தாக்கு. யோசிக்க நேரமில்லை. ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து, கைப் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான். கார் மலைப்பக்க மண்மேட்டில் உராய்ந்து, குலுங்கி, றோட்டோரக் கானுக்குள் ஒரு சில்லு இறங்க நின்றது. பஸ் ஹோர்னை அடித்துக்கொண்டே கண்ணாடியை உரசுகிற மாதிரி கடந்து போனது.

பின்னால் செசிலி இப்போதுதான் கத்தினாள். பாக்கியலெட்சுமி, "ஒண்ணுமில்ல தாயி, ஒண்ணுமில்ல" என்றாள்.

ஸரூக் பின்னால் திரும்பிப் பார்த்தான். நாலு உயிர். பிறக்காததையும் சேர்த்தால் ஐந்து. இவ்வளவையும் ஒரு செத்த காலை நம்பி ஏற்றி வந்திருக்கிறான்.

"மத்தேயு, டோர்ச் வச்சிரிக்கியா?"

"இருக்கு நானா."

"என்ட காலடிக்கு அடி. வலது கால் எதில ஈக்குது?"

மத்தேயுவுக்குக் கேள்வி விளங்கவில்லை. வெளிச்சத்தைக் கீழே அடித்துவிட்டு ஸரூக்கின் முகத்தைப் பார்த்தான்.

"செல்லு. எந்த மிதியில ஈக்குது?"

"ஓரத்துச் சின்னதுல. முழுசா அதுலதான் இருக்கு... உங்க காலு உங்களுக்கே தெரியலையா நானா?"

"தெரியல்ல. செத்துப் போச்சு." இத்தனை மாதமாகப் பெண்டாட்டிக்குச் சொல்லாததை, கவ்வாத்து வெட்டுகிற ஒரு அந்நியனிடம் மழைக்குள் சொல்லிவிட்டான். "இறங்கிற எண்டா இறங்கிப் போங்க, நான் ஒண்டும் செல்ல மாட்டன். ஆனா இந்த இறக்கத்தில வேற வாகனம் வராது."

மத்தேயு பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தான். பிறகு சீற்றிலிருந்து சரிந்து, முழங்காலைக் குத்தி, டோர்ச்சை மிதிகளுக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"நீங்க ரோட்டப் பாருங்க நானா. காலெ நான் பாத்துக்கிறேன்."

காரைப் பின்னுக்கு எடுத்துக் கானிலிருந்து ஏற்றினார்கள். அதற்குப் பிறகு பதுளைவரை அப்படியே வந்தார்கள். "பிரேக்கு" என்று ஸரூக் சொல்வான். கீழேயிருந்து, "கொஞ்சம் இடது பக்கம்... இன்னும்... ஆங், ஏறிருச்சு, மிதிங்க" என்று குரல் வரும். சில வளைவுகளில் மத்தேயு கையாலேயே அந்தச் சப்பாத்தைப் பிடித்துத் தூக்கிப் பிரேக்கில் வைத்தான். தொடாதே என்று சொல்ல ஸரூக்குக்கு வாய் வந்தது. சொன்னால் ஐந்து பேரும் பள்ளத்தில். அல்லாஹ்வே, இவனுக்குத் தொற்றவிடாதே, இவனுக்குத் தொற்றவிடாதே என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே வந்தான். நடுவழியில் மத்தேயு, "நானா, சப்பாத்துல ரத்தமா இருக்கே" என்றான். "பிரேக்கு" என்றான் ஸரூக்.

பதுளை ஆஸ்பத்திரி வாசலில் செசிலியை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போனார்கள். இனித் தப்பி ஓடிவிட வேண்டும் என்றுதான் ஸரூக் நினைத்தான். பார்த்தால், செசிலியின் துணிமூட்டை பின்சீற்றில் கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாம் என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

பிரசவ வார்டின் வாசலில் மூட்டையை நீட்டும்போது, பின்னால் ஒரு நேர்ஸ் கூவுவது கேட்டது. "யாருக்கு இவ்வளவு இரத்தம் போகுது? அந்தப் பிள்ளத்தாச்சிக்கா?"

ஸரூக் திரும்பிப் பார்த்தான். பொலிஷ் போட்ட சிவப்புத் தரையில், அதைவிடச் சிவப்பாக ஒற்றைக்கால் தடங்கள். வாசலிலிருந்து வரிசையாக வந்து அவனிடம் முடிந்தன. நேர்ஸின் கண்களும் அந்தத் தடங்களைத் தொடர்ந்து வந்து அவன் சப்பாத்தில் நின்றன.

அவன் ஓடத்தான் பார்த்தான். தரை எங்கே என்று கால் சொல்லாததால் இரண்டாம் எட்டிலேயே விழுந்தான். மத்தேயு வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான்.

"என்னெ விடு. எல்லாரும் பாக்கிறாங்க. விடு மத்தேயு."

"எங்க நானா ஓடுவீங்க இந்தக் காலோட?" என்றான் மத்தேயு. பிடியைத் தளர்த்தவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இளவயது. சப்பாத்தை வெட்டிக் கழற்றியதும் எழுந்த நாற்றத்தில் நேர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்திருந்தன. ஸரூக் அதைப் பார்க்கவில்லை, டொக்டரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை எப்போது அந்த வாயிலிருந்து வரும் என்று காத்திருந்தான்.

டொக்டர் பஞ்சால் தடவினார், ஊசியால் குத்தினார், தட்டினால் ரீங்காரமிடும் ஒரு இரும்புக் கவையைக் கணுக்காலில் வைத்து ஏதாவது தெரிகிறதா என்று கேட்டார். பிறகு, "கண்ணை மூடிக்கொள்ளுங்கோ. உங்கட பெருவிரலை ஆட்டப்போறன். மேலயா கீழயா எண்டு சொல்ல வேணும்" என்றார்.

ஸரூக் கண்ணை மூடிக் காத்திருந்தான். நேரம் போனது.

"எப்ப தொடங்குவீங்க டொக்டர்?"

"நான் முடிச்சிட்டன்."

ஸரூக் கண்ணைத் திறந்தான். இனி மறைக்க என்ன இருக்கிறது? "டொக்டர், என்னெ மட்டக்களப்புக்கு அனுப்பினா, ஊட்டில வேன் நிப்பாட்டாம அனுப்புங்க. என்ட பாயெக் கொளுத்தவும் வாணாம். பெண்டாட்டி, புள்ள ஈக்குது. அந்தப் புள்ளயெ நான் தொடயில்ல. ஆறு மாசமாத் தொடயில்ல" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

டொக்டர் சற்று நேரம் விளங்காமல் பார்த்தார். பிறகு முகம் மாறியது. "குஷ்டம் எண்டோ நினைச்சீங்கள்? இருங்கோ."

சிறுநீரை எடுத்துவரச் சொல்லி, ஒரு கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரோடு சில துளி சேர்த்து, ஸ்பிரிட் விளக்கில் பிடித்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் திரண்டு நின்றது.

"இது முழுக்கச் சீனி. உங்களுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பல வருசமா இருந்திருக்கு. இரத்தத்தில சீனி கூடிக்கொண்டே இருந்தால் நரம்பு நேரடியாவும் கெடும், நரம்புக்கு இரத்தம் கொண்டுபோற மெல்லிய குழாய்களும் அடைபட்டுப் போகும். பிறகு நரம்பு பட்டினியில வாடும். உடம்பில ஆக நீளமான நரம்பு கால்விரலுக்குப் போறதுதான். அதனால அது முதல்ல சாகும். பிறகு அப்பிடியே மேல ஏறும். ரெண்டு காலிலயும் ஒரே அளவுக்கு, சொக்ஸ் போட்ட மாதிரி. குஷ்டம் இப்பிடி அளந்து வராது. தோலில நிறம் மாறின திட்டு இருக்கும், நரம்பு தடிச்சிருக்கும். உங்களுக்கு அதொண்டும் இல்லை. இருந்தாலும் அதுக்கும் இப்ப குளிசை இருக்கு, பாயைக் கொளுத்தத் தேவையில்லை."

"அப்ப... இது ஒட்டாதா?"

"ஒட்டாது."

ஸரூக் வாய்விட்டு அழுதான். வாசலில் நின்ற மத்தேயுவைப் பார்த்து, "ஒட்டாதாம் மத்தேயு, ஒட்டாதாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

டொக்டர் அவன் அழுது முடிக்கும்வரை விட்டார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இனி நான் சொல்லப்போறதையும் கேளுங்கோ. செத்த நரம்பு திரும்பி வராது. சீனியை அடக்கினால் இந்த மட்டத்தில நிப்பாட்டப் பார்க்கலாம். அடக்காட்டில் இன்னும் ஏறும். முழங்காலுக்குக் கிட்ட வர, கைவிரல் நுனியிலயும் தொடங்கும். இந்த ரெண்டு விரலையும் நாளைக்கே எடுக்க வேணும். இன்னும் கொஞ்ச நாள் மறைச்சிருந்தால் முழுக்காலும் போயிருக்கும். கார் ஓட்டுறது இண்டையோட சரி."

அவனுடைய பயம் போய்விடவில்லை. பழைய பயம் எழுந்த இடத்தில் புதியது வந்து உட்கார்ந்தது. ஆனால் இதற்குப் பெயர் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லலாம்.

மறுநாள் காலையில், அறுவைக்கு முன்பு, ஜெனீரா முஹ்ஸினாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தாள். ஸரூக் ஒன்றுவிடாமல் சொன்னான். செருப்பு, ஆணி, முஹம்மது மாமா, தனிக் கோப்பை எல்லாம். அவள் அழுவாள் என்று நினைத்தான். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"நான் எவளோ ஒருத்தியெ நெனச்சி நெனச்சி அழுதன். நீங்க காலோட தனியாக் கிடந்து செத்தீங்க. எனக்கிட்டச் செல்ல ஏலாத நோய் எண்டு ஒண்டு ஈக்குதா? அது குஷ்டமாவே ஈந்தாலும் நான் ஓடியிருப்பனா? அப்புடியா என்னெ நெனச்சீங்க?"

ஜெனீரா பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில், அவன் நெஞ்சோடு சாய்த்து உட்கார வைத்தாள். முஹ்ஸினா முதலில் விறைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவன் தாடியைப் பிடித்து இழுத்தது.

செசிலிக்கு வயிற்றைத் திறந்துதான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள். வார்டுக்கு வந்து அதைச் சொன்ன மத்தேயு, ஸரூக்கின் கட்டுப்போட்ட காலைக் குனிந்து பார்த்தான். "மருத்துவச்சியம்மா இன்னும் பஸ்ஸுல ஏறப் பயப்படுறாங்க நானா" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள். வயிறு குலுங்கிச் சிரித்தபோது ஸரூக்குக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. அந்தப் பள்ளம் அப்போதுதான் அவனுக்கு முழுசாகத் தெரிந்தது.

ஒஸ்டினை இப்போது ஜெனீராவின் தம்பி புஹாரி ஓட்டுகிறான். ஸரூக் பஸ் நிலையத்தடியில் ஒரு டயர்க் கடையில் உட்கார்ந்து, ஹயர் பேசி அனுப்புகிறான். தினமும் காலையில் ஜெனீரா ஊசிக் குழாயைக் கொதிநீரில் போட்டு எடுத்து, மருந்தை இழுத்து, அவன் தொடையில் போடுகிறாள். பிறகு அவன் பாதங்களை மடியில் வைத்துக் கண்ணாடி பார்ப்பதுபோல விரலிடுக்கெல்லாம் பார்க்கிறாள். தேத்தண்ணியில் சீனி கிடையாது. முதல் மாதம் அது மருந்தைவிடக் கசந்தது.

ஒரு வருடம்போல் மட்டம் அசையவில்லை. அது போதும் என்று அவன் நம்பத் தொடங்கியிருந்தான். பிறகு ஒருநாள் காலையில் சேட்டுப் பொத்தானைப் பூட்டும்போது, விரல் நுனிகளில் ஒரு விறுவிறுப்பு. பொத்தான் நழுவியது. மறுபடி பிடித்தான். மறுபடி நழுவியது. சட்டையை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தான். பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லை.

அடுப்படியில் ஜெனீரா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஸரூக் சட்டை திறந்தபடியே போய் அவள் முன்னால் நின்றான்.

"ஜெனீரா, கையிலயும் தொடங்கியிருக்கும்போல."

அவள் தேங்காய்ப் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தினாள். "இது தெரியுதா? இது? இது?"

"தெரியுது... இது கொஞ்சம் கொறய."

"பயமா ஈக்குதா?"

"மிச்சம் பயமா ஈக்குது."

"எனக்கும்தான்" என்றாள் ஜெனீரா. அவன் பொத்தான்களைக் கழுத்திலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினாள். "நில்லுங்க, புள்ளயெப் பக்கத்து ஊட்டில விட்டுட்டு வாரன். ஆஸ்பத்திரிக்குப் போவம்."